பெட்டிப் பலகையில் ஒரு நாற்காலி

தம்பி,

நேற்றைய காற்றில் ஆற்றோரத்து அல்பீசியா மரம் ஒன்று ரோட்டின் குறுக்கே சாய்ந்துவிட்டது. இன்று காலை வாள் மெஷினோடு வந்து துண்டு போட்டார்கள். பச்சை மரத்தூள் பறந்து என் வாசல் வரைக்கும் வந்தது. எனக்கு அடுக்கடுக்காகத் தும்மல். தும்மி முடித்ததும் தனியாக நின்று சிரித்தேன். அந்த மரத்தை அறுக்கிற நாட்களில் நீ மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டும் தும்முவாய். "ஒத்துக்காத மரத்த ஏன்டா கட்டி அழுவுற?" என்று கேட்டால், "அதுக்கு என்னைய புடிக்கல. எனக்கு அத புடிச்சிருக்கேக்கா" என்பாய்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நானும் மருத்துவிச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் மழை கொஞ்சம் பலமாகப் பிடித்தால் என் காது இன்னும் தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்குப் பக்கம்தான் போகிறது. மேலே இருக்கிற அந்த லயத்து வரிசை வீடுகளுக்கு அப்போது வாகனம் போகாது. யாருக்காவது முடியாமல் போனால், கம்பளியைக் கம்பில் தொட்டிலாகக் கட்டி, ஆண்கள் தோள் மாற்றி மாற்றிக் கீழே ரோடு முடிகிற தேயிலை ஸ்டோர் வரைக்கும் கொண்டுவர வேண்டும். தோட்டம் கொடுத்த இரும்பு ஸ்ட்ரெச்சர் ஒன்று டிஸ்பென்சரியில் கிடந்தது. நல்ல சாமான்தான். ஆனால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகிற குறுக்குப் பாதையின் வளைவுகளில் அது திரும்பாது.

ஒரு தடவை பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கம்பளியில் இறக்கினீர்களே, அன்று தோள் கொடுத்தவர்களில் நீயும் ஒருவன். சறுக்கலில் ஒருவருடைய கால் வழுக்கி, கம்பளி சேற்றில் இறங்கிவிட்டது. தாயைக் காப்பாற்றினோம். பிள்ளை தங்கவில்லை. அன்று நீ சாப்பிடாமல் என் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாய். "கம்பளிக்குள்ள ஒடம்பு சுருண்டு போயிருதுக்கா. உக்கார வச்சு தூக்கணும்" என்று மட்டும் சொன்னாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுப் பலா நாற்காலியில் என்னை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கம்பு கட்டித் தூக்கிப் பார்த்தீர்கள். லயத்துக் கோடி போவதற்குள் தூக்கியவர்கள் மூச்சு வாங்கினார்கள். "ஆள விட நாற்காலி கனம்" என்று நீயே சொல்லி இறக்கிவைத்தாய். என் கனத்தைப் பற்றி யாரும் பேசாமல் விட்டது உன் மரியாதை.

அப்புறம்தான் அல்பீசியா வந்தது. நோர்வூட்டில் நீ தச்சு பாஸாக வேலை பார்த்த மரக்கடை முதலாளி நானா உன்னைப் பார்த்துச் சிரித்ததை நீயே எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாய். "என்ன பாஸ், மூள கலங்கிருச்சா? இது பெட்டி அடிக்கிற பலகை. இதுல ஆளையா தூக்கப் போறீங்க?" நானா சொன்னதிலும் தப்பில்லை. அல்பீசியா நட்ட சுருக்கில் லயத்துக் கூரையைத் தாண்டிவிடும். அவ்வளவு அவசரமாக வளர்கிற மரத்துக்குள் கெட்டியாக என்ன இருக்கும்? நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். ஈரத்தோடு போட்டுவைத்தால் கறுத்துப்போகும். கவனிக்காமல் விட்டால் பூச்சி துளைத்து மாவாக்கிவிடும். தேயிலைப் பெட்டியும் சீலிங் பலகையும் சென்ட்ரிங் தட்டும்தான் அதற்கு எழுதி வைத்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். நீயோ முழு நீளப் பலகை ஒன்றை ஒரு கையில் தூக்கி என் முன்னால் ஆட்டிக் காட்டினாய். "பாரு, இதுல பாதி காத்து. அந்தக் காத்துதான் எனக்கு வேணும்."

அந்த மழைக்காலம் முழுக்க என் அடுப்புக்கு மேலே பரணில் உன் பலகைகள்தான். வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும் என்று, இடையிடையே சீவல் குச்சி வைத்து, காற்றுப் போகிற மாதிரி அடுக்கிவைத்தாய். புகை பட்டால் பூச்சியும் தள்ளி நிற்கும் என்றாய். விறகு எடுக்க ஏறுகிற என் தலையில் இடித்த ஒவ்வொரு தடவையும் உன்னைத் திட்டினேன். இழைப்புளி கொஞ்சம் மழுங்கினாலும் அந்த மரம் பஞ்சு பஞ்சாக எழும்பிவிடும். அதனால் இழைத்த நேரத்தைவிட நீ கல்லில் தீட்டிய நேரம்தான் அதிகம்.

முதல் நாற்காலி தோற்றது. பக்கத்து வீட்டுக் காம்பரா மாமா ஜம்பமாக ஏறி உட்கார்ந்தார். தூக்கி நாலடி வைப்பதற்குள் முதுகுப் பலகை ஆணியோடு பிய்ந்து வந்தது. மாமா மல்லாக்க விழுந்து, எழும்பி, "எம் பெண்டு நிமிந்துருச்சு, நீ நல்லா இருப்ப" என்று கும்பிடு போட்டார். லயமே சிரித்தது. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. நீயும் சிரித்தபடியே உடைந்த துண்டைத் தூக்கிப் பார்த்தாய். "மரம் தோக்கலக்கா. ஆணிதான் தோத்துச்சு."

அடுத்ததில் ஆணியே இல்லை. பலகையை ஊடுருவிப் போகிற போல்ட், இரண்டு பக்கமும் அகலமான வாசர், மூலைக்கு மூலை முட்டுக்கட்டை. பாரம் தாங்குகிற தூக்குக் கைகளுக்கு மட்டும் அல்பீசியாவை நம்பாமல், தேயிலைக்கு நிழல் தருகிற, நாம் சவுக்கு என்று சொல்கிற சில்வர் ஓக் மரத்தில் நேர் கிளை பார்த்து எடுத்தாய். உட்காருகிற இடம், முதுகு, கால் வைக்கிற தட்டு எல்லாம் அல்பீசியா. செய்து முடித்து அதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து டிஸ்பென்சரியில் வைத்தாய். ஒருவரும் தேடி வரவில்லை. பெட்டிப் பலகை நாற்காலி என்று பெயர் வைத்ததோடு சரி.

புஷ்பத்துக்கு வலி கண்டது ஆனி மாத மழையில். நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பிள்ளை குறுக்கே கிடந்தது. ஆபரேஷன் இல்லாமல் முடியாது. ஸ்டோர் வரைக்கும் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அதற்கு மேலே மண் சரிந்து கிடந்தது. நீ நாற்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறி வந்தாய். புஷ்பத்தின் புருஷன் ராஜு வாசலை மறித்து நின்றான்.

"தேயில பெட்டி பலகையில எம் பொண்டாட்டிய ஏத்த மாட்டேன். கம்பளி கட்டுங்க!"

நீ சத்தம் போடவில்லை. "ராஜு, முன்பக்கம் நான் புடிக்கிறேன். ஒடஞ்சா எம் முதுகு மேலதான் விழுவா. நீ பின்னால நின்னு பாத்துக்க."

அவன் அசையவில்லை. உள்ளேயிருந்து புஷ்பம்தான் கத்தினாள். "ஏத்துங்கண்ணே! இவரு பேசி முடிக்கிற வரைக்கும் பிள்ள காத்திருக்குமா?"

முதுகைச் சாய்த்து உட்காரவைத்து, மழை படாமல் படங்குத் துணியால் மூடி, இடுப்பில் சேலையால் கட்டினேன். முன்னால் நீ, பின்னால் ராஜு, பக்கத்துக்கு ஒருவர். பாதை ஒடுங்கிய இடத்தில் பக்கத்து ஆட்கள் விலகினார்கள். நீயும் ராஜுவும் மட்டுமே தூக்கினீர்கள். இரண்டு பேரால் முடிந்தது, தம்பி! வலி வந்தபோதெல்லாம் "நிறுத்துங்கண்ணே" என்றாள். நீ வைத்திருந்த குட்டைக் கால்களில் நாற்காலி சேற்றிலும் நின்றது. நான் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். வலி விட்டதும் மறுபடி நடப்போம். வழியில் ஆற்றைக் கடக்கிற சின்னப் போக்குப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. ஆற்றில் இடுப்பளவு தண்ணீர். நாலு பேரும் சேர்ந்து நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கினீர்கள். அவள் கால்தட்டுக்கூட நனையவில்லை. கரையேறும்போது முன்பக்கத்திலிருந்து மளுக்கென்று ஒரு சத்தம் வந்தது. திரும்பாமலே சொன்னாய்: "நாற்காலி இல்லக்கா, என் முழங்கால்."

ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். புஷ்பம் வீடு திரும்பிய அன்று ராஜு டிஸ்பென்சரிக்கு வந்து, சேறு காய்ந்த நாற்காலியை யாரும் சொல்லாமலே கழுவித் துடைத்தான். துடைத்து முடித்து, உன்னிடம் "போல்ட்டுக்கு எண்ண போடணுமா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அந்த நாற்காலியை அவன்தான் கவனித்துக்கொண்டான்.

பொகவந்தலாவைப் பக்கமிருந்தும் நல்லதண்ணிப் பக்கமிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். வந்தவர்களுக்குச் செய்து கொடுத்து, நீ ஒளிக்காமல் சொன்னாய்: "இந்த மரத்துக்கு ஆயுசு கம்மி. வருஷா வருஷம் தட்டிப் பாருங்க. சத்தம் பொத்தலா கேட்டா பலகைய மாத்துங்க. மரந்தான் வளந்துகிட்டே இருக்கே."

உன் நெஞ்சு வலிக்கு உன்னையும் அதில்தான் இறக்கினார்கள். நீ வர மாட்டேன் என்றாய். "நடந்தே வாரேன்" என்று அடம்பிடித்தாய். ராஜு உன்னைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி உட்காரவைத்தான். பாதி வழியில் கண்ணைத் திறந்து, கைப்பிடியைத் தடவிப் பார்த்து, "ஆடலையே, என்னக்கா?" என்றாய். ஆடவில்லை என்றேன். உன் முகத்தில் வந்த அந்தப் பெருமையைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் நீ உயிரோடு இருந்த அந்தச் சில நாட்களிலும் அது உன்னை விட்டுப் போகவில்லை.

போன வாரம் ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை, தன் அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திரும்புவதாகச் சொன்னாள். முன்பின் தெரியாத பிள்ளை. வீடு மலை உச்சியில், ரோடு இல்லை என்றாள். எப்படி இறக்கினீர்கள் என்று கேட்டேன்.

"எங்க தோட்டத்துல ஒரு நாற்காலி இருக்குங்கம்மா. லேசா இருக்கும், ரெண்டு பேரு போதும். நோர்வூட் பக்கத்து பாஸ் ஒருத்தரு செஞ்சு குடுத்தாராம். யாருன்னு தெரியல."

சத்தமாகவே சொன்னேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவரும் கண்ணாடியில் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

"அவன் என் தம்பி."