வால் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை

டூசான்,
நவம்பர் 9, ஞாயிறு

அன்பு மகள் அராசெலிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் குறையில்லாமல் இருக்கிறோம், குவாதலூப்பே மாதா தயவில் நீயும் மாப்பிள்ளை எய்விந்தும் வயிற்றுப் பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெயில் ஒருவழியாக இறங்கிவிட்டது, மதியத்தில்கூட ஜன்னலைத் திறந்து வைக்க முடிகிறது. உன் அப்பா ஊரில் இருக்கிற ஏர்கூலருக்கெல்லாம் தண்ணீரை வடித்து உறை மாட்டி முடித்துவிட்டு இரண்டு நாளாக முழங்காலில் மருந்து தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இனிமேல் கூரை மேல் ஏற ஆள் வைத்துக்கொள் என்றால் கேட்கிற மனிதரா. இறந்தவர்கள் தினத்துக்குத் தாத்தா கல்லறையைக் கழுவிச் சாமந்தி வைத்துவிட்டு வந்தோம், உன் பேரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினேன். சில்டெபின் மிளகாய் ஒரு பொட்டலம் கம்பளிக் காலுறைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறேன், காலுறையைத் துவைத்துவிட்டுப் போட்டுக்கொள், இல்லாவிட்டால் கால் எரியும். இனி விஷயத்துக்கு வருகிறேன். என் ஆபீஸ் கதையை அப்பா உன்னிடம் போனில் சொன்னாராம், நான் மேஜையைத் தட்டி எங்கள் தலைவர் டாக்டர் ப்ரூயிட்டை எழுந்து நிற்க வைத்தேனாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததை நானே எழுதுகிறேன், இதற்கு ஒரு காரணமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். மலை மேல் இருக்கிற தொலைநோக்கி ராத்திரி வானத்தின் ஒரே இடத்தைப் பத்துப் பத்து நிமிஷ இடைவெளியில் நாலு படம் எடுக்கும், நாலிலும் நகர்ந்திருக்கிற புள்ளியைக் கம்ப்யூட்டர் பொறுக்கி வைக்கும், பகலில் நான் உட்கார்ந்து அது நிஜமான சிறுகோளா இல்லை கேமராவின் கோளாறா என்று பார்ப்பேன். ஏற்கெனவே பட்டியலில் இருக்கிற சிறுகோள் வந்தால் கம்ப்யூட்டரே அதன் மேல் எண்ணைப் போட்டுவிடும், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, எனக்கு மட்டும் அதையும் பார்க்கிற பழக்கம். மே மாதம் ஒரு புதன்கிழமை அப்படிப் பார்த்தபோது எண் போட்ட ஒரு புள்ளி கொஞ்சம் தடித்திருந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுகிற கூட்டத்தைச் சேர்ந்தது, பதினாறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தொலைநோக்கியே கண்டுபிடித்தது. ஏதோ ஒரு காலத்தில் ஒரு பெரிய கல் உடைந்து சிதறிய நாற்பது சில்லுகளில் ஒன்று என்று டாக்டர் ப்ரூயிட் கணக்குப் போட்டு, அதற்குத் தன் பழைய வாத்தியார் பேரையே வைத்திருந்தார். அதே படத்தில் இருந்த நட்சத்திரங்களின் அகலத்தைப் படக் கட்டங்களில் அளந்தேன், எல்லாம் மூன்று புள்ளி ஒன்று. இது மட்டும் நாலரைக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு முன்னால் இரண்டு ராத்திரி எடுத்த படங்களைத் தேடி எடுத்தேன், அவற்றிலும் அப்படியே. பன்னிரண்டு படங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் கூட்டிப் பார்த்தபோது, ஈரச் சுவரில் விரலால் இழுத்த மாதிரி மங்கலாக ஒரு கோடு தெரிந்தது.

உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சுடும்போது நண்பர்களிடம் “வால் இருந்தா வால்மீன், இல்லைன்னா சிறுகோள், அம்புட்டுதான், என் பொண்டாட்டி இதுக்கு முப்பது வருஷம் சம்பளம் வாங்கறா” என்று சொல்வாரே, கிண்டல்தான் என்றாலும் அது முக்கால்வாசி சரி. சிறுகோள் என்றால் காய்ந்த கல், வால்மீன் என்றால் உள்ளே பனிக்கட்டி இருக்கிறது, சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது அது ஆவியாகித் தூசியைக் கிளப்புகிறது. மீதிக் கால்வாசிதான் வம்பு, சில சமயம் கல் என்று எண் போட்டு அடுக்கி வைத்தது திடீரென்று தூசியைக் கிளப்பும். அந்த நாற்பது சில்லுகளும் முழுக்கக் காய்ந்தவை, அவற்றின் ஈரம் என்றைக்கோ எரிந்து போய்விட்டது என்று டாக்டர் ப்ரூயிட் ஆறு வருஷம் உழைத்து ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தார், ஜூனில் முந்நூறு பேர் முன்னால் படிக்க வேண்டியது. வியாழக்கிழமை காலை அவர் அறைக்குப் போய் என் அளவைக் காட்டினேன். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “மறுபடியும் வாலா, ஒஃபேலியா? மொதல்ல கண்ணாடிய மாத்துங்க” என்றார்.

அந்த “மறுபடியும்” உனக்குப் புரியாது, நீ அப்போது கல்லூரியில் இருந்தாய், நானும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒன்றைப் பார்த்து வால் என்று சொன்னேன், மூன்று தொலைநோக்கிகள் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்தன, கடைசியில் பக்கத்து நட்சத்திரம் ஒன்றின் வெளிச்சம் தொலைநோக்கியின் கண்ணாடியில் பட்டுத் தெறித்த கோடு அது. அந்தப் படத்தை யாரோ பெரிதாக அச்சடித்து, கழுதை வால் ஒன்றும் வரைந்து, ‘ஒஃபேலியாவின் வால்’ என்று காபி அறையில் ஒட்டினார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறது, தினமும் அதன் கீழே நின்றுதான் காபி ஊற்றிக்கொள்கிறேன். அந்தப் படத்தைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, “டாக்டர், அந்தத் தடவ ஒரு ராத்திரிப் படம்தான். தெறிச்ச வெளிச்சம்னா நட்சத்திரத்தோடயே நிக்கும், இது மூணு ராத்திரியும் வேற வேற நட்சத்திரத்துக்கு நடுவுல, அந்தக் கல்லோடயே நகருது” என்றேன். அதற்கு அவர், “ஜூலையில மழை வரும், தொலைநோக்கிய மூடுவோம், செப்டம்பர்ல தொறந்ததும் நிதானமாப் பாத்துக்கலாம். அதுவரைக்கும் இது வெளியே போகக் கூடாது. போச்சுன்னா என்னால உங்களக் காப்பாத்த முடியாது” என்றார். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார், அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. ஓய்வூதியத்துக்கு எனக்கு அப்போது எட்டு மாதம் பாக்கி.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். எனக்காகச் சண்டைக்குக் கிளம்புவார் என்று நினைத்தேன், அவரோ தட்டைத் தள்ளிவிட்டு, “கூலர்ல சத்தம் வருதுன்னு என்னக் கூப்பிடறவங்கள்ல பாதிப் பேர் வீட்ல மோட்டார் நல்லாத்தான் இருக்கும், பக்கத்துல ஒரு காகிதம் படபடன்னு அடிச்சுக்கிட்டிருக்கும். உன் வாலும் காகிதமா இருந்தா என்ன பண்ணுவே, கிழவி?” என்றார். கோபம் வந்தது, அன்றைக்கு அவருக்குக் காபி போட்டுத் தரவில்லை. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. வெள்ளிக்கிழமை மத்தியானம் சிலியில் பெரிய தொலைநோக்கியில் வேலை செய்கிற ஹிமேனா உர்ரெஹோலாவுக்கு எழுதினேன், இரண்டு மாநாட்டில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டாளே, குளிருக்கு என் சால்வையைப் போர்த்திக்கொண்டு போனவள், அவள்தான். கடிதத்தில் வால் என்ற வார்த்தையே இல்லை. இந்த எண் உள்ள சிறுகோளைப் பார், அகலத்தை அளந்து சொல், அவ்வளவுதான் எழுதினேன். சொல்லிவிட்டால் அவள் கண் அதைத் தேடும், தேடுகிற கண்ணுக்கு எதுவும் தெரியும், அது எனக்கு நன்றாகத் தெரியும். அனுப்புகிற பொத்தானை அழுத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

சனி ஞாயிறு எப்படிப் போனது என்று கேட்காதே, அலமாரியில் இருந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கித் தேய்த்தேன். திங்கட்கிழமை முதல் வேலையாக டாக்டர் ப்ரூயிட் அறைக்கு நானே போய், வெளியே எழுதிவிட்டேன், யாருக்கு எழுதினேன், என்ன எழுதினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வேறு வாயிலிருந்து அது அவர் காதுக்குப் போகக் கூடாது என்று நினைத்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “போய் உங்க எடத்துல ஒக்காருங்க” என்றார். போய் உட்கார்ந்தேன், படம் பார்க்கிற பட்டியலில் என் பேரை எடுத்துவிட்டிருந்தார்கள். இரண்டு நாள் வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன், அராசெலி. சும்மா இருக்கப் பிடிக்காமல் பழைய படங்கள் பதிந்த நாடாப் பெட்டிகளுக்குத் தேதி எழுதி ஒட்டினேன். யாரும் என்னோடு சாப்பிட வரவில்லை. நான் அழவில்லை, அழுதேன் என்று அப்பா சொல்லியிருந்தால் அது பொய்.

புதன்கிழமை காலை ஹிமேனாவிடமிருந்து பதில் வந்தது. ஒரு படம், கீழே ஒரே வரி: “இதுக்கு வால் இருக்குன்னு ஏன் நீங்க சொல்லவே இல்ல?” பெரிய தொலைநோக்கி இல்லையா, என் படத்தில் ஈரக் கோடாக இருந்தது அதில் நீளமாக, ஒரு பக்கம் லேசாக வளைந்து, தூசித் துணுக்கு கூடத் தெரிகிற மாதிரி இருந்தது. அதை ஒரு வார்த்தையும் எழுதாமல் டாக்டர் ப்ரூயிட்டுக்கு அனுப்பிவைத்தேன். கால் மணி நேரம் கழித்து வந்தார், நான் அடுக்கி வைத்திருந்த நாடாப் பெட்டி மேலேயே உட்கார்ந்தார். “ஆறு வருஷம், ஒஃபேலியா” என்றார், “என் கட்டுரை போச்சு” என்றார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றவில்லை, அந்த மனிதர் ராப்பகலாக உழைத்ததை நான் பார்த்திருக்கிறேன். “கட்டுரை போகல, டாக்டர், முப்பத்தொம்பது கல்லு நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு. ஒண்ணு மட்டும் ஈரத்த உள்ள ஒளிச்சு வச்சிருக்கு, அது ஏன்னு கேக்கறதுக்கு இன்னொரு கட்டுரை வேணும்” என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார், சிரிப்புத்தானா என்று எனக்கு இப்போதும் நிச்சயமில்லை. பிறகு, “மொதல் படத்துலேர்ந்து காட்டுங்க” என்றார். மூன்று மணி வரைக்கும் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஜூனில் முந்நூறு பேர் முன்னால் எழுந்து நின்று, தான் சொல்ல வந்தது தப்பு என்று ஆரம்பித்தார், அந்த வாலை முதலில் பார்த்தவர் இன்னார் என்று என் பேரையும் சொன்னார். நாங்கள் வீட்டில் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வாயில் ‘போஹோர்கேஸ்’ என்னவோ மருந்துப் பேர் மாதிரி வந்தது, உன் அப்பா, “என் குடும்பப் பேர ஒழுங்காச் சொல்லுய்யா!” என்று திரையைப் பார்த்துக் கத்தினார், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இப்போது அந்தக் கல் இரண்டு பட்டியலிலும் இருக்கிறது, சிறுகோள் பட்டியலில் பழைய எண்ணும் வாத்தியார் பேரும் அப்படியே, வால்மீன் பட்டியலில் இன்னொரு எண். அதற்கு என் பேரை ஏன் வைக்கவில்லை என்று உன் ஞானத்தாய் மூன்று தடவை கேட்டுவிட்டாள், கண்டுபிடித்தது தொலைநோக்கி, முறை அதுதான், எனக்கு அதில் வருத்தமில்லை. காபி அறைப் படத்தைக் கிழிக்கப் போனவர்களை நான்தான் தடுத்தேன். அந்தப் பழைய படத்தை எடுத்து மறுபடியும் முழுசாக அளந்து பார்த்தேன், ஒருவேளை அன்றைக்கும் நான் சொன்னது சரியோ என்று ஒரு ஆசை. இல்லை, அது தெறித்த வெளிச்சமேதான். அன்றைக்கு நான் சொன்னது தப்பு, இன்றைக்குச் சொன்னது சரி, இரண்டும் என் கணக்கில்தான் இருக்கட்டும்.

மழை முடிந்து செப்டம்பரில் தொலைநோக்கியைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். அகலம் மூன்று புள்ளி ஒன்று. சூரியனை விட்டுத் தள்ளிப் போய்விட்டது, தூசி அடங்கிவிட்டது, சுற்றியிருக்கிற எந்தப் புள்ளியோடும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை எழுதாமல் இருந்திருந்தால் நானே என்னை நம்பியிருக்க மாட்டேன். மறுபடி அது நெருங்கி வர ஐந்தரை வருஷம் ஆகும், அதுவரைக்கும் இருங்கள் என்று டாக்டர் ப்ரூயிட் கேட்டார். முடியாது என்றேன். எந்த மாதத்தில் பார்க்க வேண்டும், எந்தத் திசையில், எவ்வளவு தடித்தால் கவனிக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்துவிட்டேன், பார்க்க ஆள் வரும். ஜனவரி முப்பதோடு எனக்கு வேலை முடிகிறது, பிப்ரவரி ஆறாம் தேதி உன் வீட்டு வாசலில் நிற்பேன்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். நேற்று போனை வைக்கிற நேரத்தில், மோதிரம் கழற்ற வரவில்லை, தலைவலி நாலு நாளாக இருக்கிறது, மருத்துவச்சியிடம் சொன்னேன், இதெல்லாம் சாதாரணம் என்றாள் என்று சொன்னாய். மறுபடி போ என்றேன், “ம்” என்றாய். அந்த “ம்” எனக்குத் தெரியும், மீன் பண்ணையில் ஆயிரம் மீனுக்கு வைத்தியம் பார்க்கிறவள் உன் உடம்புக்கு மட்டும் போடுகிற “ம்”. அந்த மருத்துவச்சிக்கு உன்னைப் போல் இருபது பேர், உனக்கு உன் உடம்பு ஒன்றுதான். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை வாங்கி வர எய்விந்தை இன்றைக்கே அனுப்பு, காலையும் மாலையும் எழுதி வை, முதல் எண்ணே அதிகமாக இருந்தால் எழுதிக்கொண்டு உட்காராதே, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. இல்லாவிட்டாலும் நாளைக்குள் ஒரு டாக்டரைப் பார்த்துவிடு, அவள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், நீ நினைப்பது தப்பாகவே இருந்தாலும் நல்லதுதான், ஒரு நாள் வெட்கப்படுவாய், அவ்வளவுதான். இந்தக் கடிதத்தை அப்பா இப்போதே படம் பிடித்து உனக்கு அனுப்புகிறார், தாள் பின்னால் வரும். படித்ததும் என்ன எண் வந்தது என்று எழுது, நாங்கள் போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.

மாதா உன்னையும் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும், எய்விந்துக்கு எங்கள் இருவரின் ஆசியும் அன்பும். உப்பைக் குறைத்துச் சாப்பிடு, படுக்கும்போது இடது பக்கம் திரும்பிப் படு. மோதிரத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கழற்று, கழன்று வராவிட்டால் வெட்டிவிடு, வேறு வாங்கிக்கொள்ளலாம்.

உன் அம்மா,
ஒஃபேலியா