மூளையின் தடுப்பும் இரண்டு நாள் பத்தியமும்

மச்சான்,

நேற்று உறுதியானது இது: உன் மகளுக்கும் இனிப்புநீர் நோய். சொன்னவர், ஈப்போவில் அவளைப் பரிசோதித்த டாக்டர். வெளியே வந்து எதிர்க்கடையில் உட்கார்ந்தோம். "மாமா, எனக்கு தே ஓ கோசோங்," என்றாள். சர்க்கரை இல்லாத அந்தக் கறுப்புத் தேநீரின் வாடையில் நீ வந்துவிட்டாய்.

கிளினிக்குக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது மட்டும் நீ அதைக் குடிப்பாய். விரலில் குத்திப் பார்ப்பார்கள், அளவு சரியாக இருக்கும். "பாஸ்லா மச்சான்!" என்று கேமராப் பையோடு நேராகச் சர்க்கரைப்பாகு மிதக்கும் செண்டோல் விற்கும் கடைக்கு நடப்பாய். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனை வந்ததும், "இது வேவு பாக்குதுலா," என்று முகம் சுளித்தாய்.

உன் கடைசி வருடம் செய்தி எடுக்கக் கோப்பெங் போனோம். முப்பது வருடம் ஓட்டிய பாதை. சந்தியில் காரை நிறுத்தி, "இடதா, வலதா?" என்றாய். நான் சிரித்தேன். "சிரிக்காதடா, நெசமாத்தான் கேக்குறேன்."

பிறகு, வீட்டில் உன் மனைவியையே "யாரு அக்கா நீங்க?" என்று கேட்டாய். அவள் இன்னும் சொல்வாள்: "இனிப்புப் பால் டின்ன ஒளிச்சு வச்ச கோவம் அண்ணே. அதான் என்னைத் தெரியாத மாதிரியே இருந்துட்டுப் போயிட்டாரு."

அதை நேற்று டாக்டரிடம் கேட்டேன். மூளையில் ஓடும் ரத்தக் குழாய்களின் சுவர் இறுக்கமான ஒரு தடுப்பு, வேண்டியதை மட்டும் உள்ளே விடும் என்றார். சர்க்கரை ஆண்டுக்கணக்கில் ஏறியே இருந்தால் சிலருக்கு அந்தத் தடுப்பு கசியலாம். நினைவு மங்க அதுவும் ஒரு காரணமாகலாம். "உங்கள் நண்பருக்கு அதுதான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் அப்படி இருந்தது கோபத்தால் அல்ல, நோயால்."

டாக்டர் சொன்ன இரண்டு பாதியையும் குறைக்காமல் உன் மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப, என் மேல கோவம் இல்லையா?"

"இல்லம்மா."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு மகளைப் பார்த்து, "உங்கப்பா மாதிரி ரெண்டு நாள் பத்தியம் காட்டுன, தெரியும் சேதி," என்றாள்.

கோப்பெங் சந்தியில் இப்போதும் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. நீ கேட்ட இடம் அது. வலது, மச்சான்.

உன் மகளின் மூன்று மாதச் சராசரி இன்னும் வரவில்லை. காலையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுத்தான் ரத்தம் கொடுத்தாள், எதையும் மறைக்கவில்லை. முடிவு வியாழக்கிழமை மதியம்.