முருகேசன் பெயரில் என் பிரஷர்

செவ்வாய்க்கிழமை

இன்று கம்பெனியில் மருத்துவ முகாம். கிரேன் ஓட்டும் முருகேசனுக்குப் பிரஷர் உண்டு. தெரிந்தால் கிரேனை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம்.

"எனக்குப் பதிலா நீ கை நீட்டினு வா மச்சான். உனுக்குத்தான் தலைவலிகூட வந்ததில்லியே" என்றான். அவன் பெயரைச் சொல்லி உட்கார்ந்தேன்.

நர்ஸ் அளந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி மறுபடி அளந்தார். நூற்று எண்பதுக்கு நூற்றுப் பத்து.

"எனக்கு ஒண்ணுமே பண்ணலியே சிஸ்டர்."

"பிரஷர் சொல்லிக்கினு வராதுங்க. இன்னிக்கே டாக்டரைப் பாருங்க. நெஞ்சு வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ, வாய் குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் மரத்தாலோ உடனே நூத்தியெட்டுக்குப் போன் போடணும், முருகேசன்."

அந்தப் பெயரைக் கேட்டதும் உடம்பு கூசியது. உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "அவரையும் கூட்டினு போங்க" என்றார்.

முருகேசன், "மாட்டி உட்டியேடா!" என்று கத்தினான். நர்ஸ் என் அளவை எழுதித் தந்த சீட்டைக் காட்டினேன். படித்ததும் அடங்கிப்போனான். ஷிப்ட் முடிந்ததும் அவனே என்னை பைக்கில் கும்மிடிப்பூண்டி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். என்னைப் பார்த்து முடித்த டாக்டரிடம் தானாகவே கையை நீட்டினான். இருவருக்கும் மாத்திரை. அவனுக்குக் கிரேன் உண்டா இல்லையா என்பது அடுத்த வாரம்தான் தெரியும்.

ஒன்றும் பண்ணாததையே ஆரோக்கியம் என்று இத்தனை வருடம் நம்பியிருக்கிறேன்.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் என் தட்டிலிருந்த ஊறுகாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வர வெகுநேரம் ஆனது.