முதலிடம் வாசிக்கப்படாத கோடை

ஒசியெக்,
14 ஜூன் 2024

அன்புத் தங்கை யஸென்காவுக்கு,

அண்ணன் வாத்ரோஸ்லாவ் எழுதுவது. இங்கே லிண்டன் மரங்கள் பூத்துவிட்டன. ஜன்னலைத் திறந்தால் தும்மல், மூடினால் புழுக்கம். மற்றபடி குறையில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மால்மோவில் இன்னும் கோட்டோடுதான் வெளியே போகிறாயா?

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கோபம். உன் மேல் இல்லை. எனக்குக் கோபம் வருவது அபூர்வம் என்று உனக்குத் தெரியும். வந்தாலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரிவதில்லை. ஆகையால் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். எங்காவது மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் அந்த இடத்தைத் தாண்டிப் படி.

நம் ஊர் வானொலியை அங்கே கம்ப்யூட்டரில் கேட்டேன் என்று எழுதியிருந்தாய். எழுபதுகளின் முதலிடப் பாடல்கள் என்ற நிகழ்ச்சியில் 1974 கோடைக்கு ஜெலிமிர் பாடிய "வெள்ளைச் சட்டை"யைப் போட்டார்களாம். கோடை முழுவதும் அதுதான் முதலிடம் என்றார்களாம். "அண்ணா, உண்மையச் சொல்லு. என் 'மறுகரை' முதலிடத்துல இருந்துச்சுன்னு நீயும் அம்மாவும் சொன்னது என்னைச் சமாதானப்படுத்தத்தானா? பொய்ய நம்பி அம்பது வருஷம் ஓட்டிட்டேனா?" என்று கேட்டிருந்தாய். ஆகஸ்டில் வானொலி நடத்தும் ஆற்றங்கரைக் கச்சேரிக்கு வருவதாக இருந்தவள், இனி வரவில்லை என்று முடித்திருந்தாய்.

நீ சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோடையில் நீ கடற்கரை ஓட்டல்களில் பாடிக்கொண்டிருந்தாய். வானொலியின் சனிக்கிழமைப் பாடல் பட்டியலைச் சமையலறையில் உட்கார்ந்து கேட்டது நாங்கள்தான். ஆனால் நாங்கள் பொய் சொல்லவில்லை.

உன் கடிதத்தை மேல்மாடி ஷ்டெஃபிட்சாவிடம் படித்துக் காட்டினேன். உனக்கு அவளைத் தெரியாது. தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரிலேயே உரத்த குரல். கேட்டுவிட்டு, "ஜெலிமிரா? அவனுக்கு ஓட்டுப் போட்டு எவ அஞ்சலட்டை எழுதினா? அவன் பொண்டாட்டிகூட எழுதியிருக்க மாட்டா! மத்தியானம் சூப்பு ஆறுறதுக்குள்ள நாங்க ஒரு மேசைப் பொம்பளைங்க எல்லாரும் 'மறுகரை'க்கு எழுதி முடிச்சிருவோம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க ஒரு தடவ ரேடியோக்காரன் கதவத் தட்டினா கை ஒடிஞ்சா போயிடும், வாத்தியாரே?" என்று கேட்டாள். நான் முதலில் ஒரு மனு எழுதலாமே என்றேன். அவள் கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

வானொலியில் இசைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் க்ரெஷோ. முப்பது வயதுக்குச் சற்று மேல் இருக்கும். மரியாதையான பையன்தான். "எங்கம்மா உங்ககிட்ட லத்தீன்ல ரெண்டு தடவ ஃபெயில் ஆனவங்க, ஐயா. இன்னமும் உங்க பேரக் கேட்டா எந்திரிச்சு நின்னுடுறாங்க" என்று சிரித்தான். எனக்குப் பாதித் தைரியம் அப்போதே போய்விட்டது. இருந்தாலும் சொன்னேன். அவனிடம் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன், அப்போது உன்னிடம் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டோம்.

உன் பாட்டு மே மாதம் பட்டியலின் கடைசி இடத்தில் நுழைந்தது. ஜூனில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. வாக்கெல்லாம் நேயர்களின் அஞ்சலட்டைதான், வேறு வழி எதுவும் கிடையாது. ஜூலையில் தலைநகரில் ரெக்கார்டுகளைத் தரம் பிரிக்க அரசு போட்ட ஐந்து பேர் குழு உட்கார்ந்து, உன் ரெக்கார்டைக் கேட்டு, குப்பை என்று எழுதியது. குப்பை என்று முத்திரை விழுந்த ரெக்கார்டுக்குத் தனி வரி உண்டு, அதனால் கடையில் விலை ஏறியது. நம் வானொலி இயக்குநர் பயந்துபோய், பாட்டை ஒலிபரப்பக் கூடாது, பெயரையும் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

ஆனால் அட்டைகள் நிற்கவில்லை. இன்னும் அதிகமாகத்தான் வந்தன. பட்டியல் வாசிக்கிற மனிதருக்கு இது தர்மசங்கடம். பெயரைச் சொன்னால் வேலை போகும். வேறொரு பாட்டை முதலிடம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை அவர், "இரண்டாம் இடத்தில் இருப்பது…" என்று தொடங்கினார். அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். கோடை முடியும்வரை நம் ஊர்ப் பட்டியலில் முதலிடம் வாசிக்கப்படவே இல்லை. ஊருக்கே தெரியும் அது எது என்று. அவர் தொண்டையைச் செருமும்போது அம்மா வாணலியை இறக்கி வைத்துவிட்டு, "முதலிடத்தில் 'மறுகரை', பாடியவர் யஸென்கா" என்று வானொலிக் குரலிலேயே அறிவிப்பாள். "ம், இப்பச் சொல்லுப்பா" என்று அவருக்கு அனுமதியும் கொடுப்பாள்.

க்ரெஷோ பொறுமையாகக் கேட்டான். பிறகு பழைய நிகழ்ச்சித் தாளின் படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினான். "பாருங்க ஐயா, மேல இருக்கிறது ஜெலிமிர்தான்." நானும் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். பெயருக்கு முன்னால் இரண்டு என்று போட்டிருந்தது. அதைச் சொன்னேன். அவன், "ஆமா, ஒண்ணு இல்லாம ரெண்டுல ஆரம்பிக்குது. டைப் அடிச்சவங்க தப்புன்னு நெனச்சு நாங்கதான் எல்லாத்தையும் ஒவ்வொரு படி ஏத்திட்டோம்" என்றான்.

யஸென்கா, நான் வாழ்நாள் முழுவதும் விடைத்தாள் திருத்தியவன். தெரியாமல் எழுதுகிறவன் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. ஆனால் தன் கண் முன்னால் ஒரு கேள்வி இருக்கும்போது அதைக் கேட்காமல், விடையை மாற்றி எழுதிவிட்டுச் சிரிக்கிறவனை என்ன செய்வது? ஒன்று எங்கே போயிற்று என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா? அன்று அந்த மனிதர் வேலையைப் பணயம் வைத்துக் காலியாக விட்ட இடம் அது. அங்கே இவர்கள் ஜெலிமிரைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் படிக்கட்டு இறங்கும்போதுதான் தோன்றியது. அவன் அறையில் நான் சொன்னது, "அப்படியா, சரி" என்பது மட்டும்.

ஷ்டெஃபிட்சா விடவில்லை. என்னைத் திரும்ப மேலே இழுத்துப் போனாள். அவள் போட்ட சத்தத்தில் க்ரெஷோ கொஞ்சம் இளகினான். எந்தப் பாட்டை வானொலியில் போடுவது, ஆகஸ்ட் கச்சேரியில் யாரைப் பாடவைப்பது என்பதெல்லாம் அவன் கையில் இல்லையாம். ஸாக்ரெபிலிருந்து ஆட்கள் வந்து நேயர்களை வைத்துச் சோதிப்பார்களாம். வருகிற செவ்வாய்க்கிழமை ஓட்டல் மண்டபத்தில் சோதனை. 'மறுகரை'யையும் சேர்த்துவிடுவதாகச் சொன்னான். நாங்கள் வாக்களிக்கலாமா என்று கேட்டேன். "இல்லைங்க ஐயா, முப்பதிலேர்ந்து நாப்பத்தஞ்சு வயசுதான். வாயத் தொறக்காம பின்னாடி உக்காந்து பாக்கலாம்" என்றான். எழுபதுகளின் பாட்டுகளுக்கு அந்தப் பாட்டுகள் வந்தபோது பிறந்தே இராதவர்களாகப் பார்த்து நீதிபதிகள்! இதையும் நான் அங்கே சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை போனோம். நாற்பது பேர் இருப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் சிறிய பெட்டி, அதில் ஒரு குமிழ். பிடித்தால் வலது பக்கம், பிடிக்காவிட்டால் இடது பக்கம் திருப்ப வேண்டும். முன்னால் இருக்கும் திரையில் கோடு ஏறி இறங்குகிறது. ஒரு பாட்டுக்கு எவ்வளவு நேரம் என்று நினைக்கிறாய்? ஏழு விநாடி. தலையும் இல்லை, வாலும் இல்லை. நடுவிலிருந்து ஏழு விநாடி, ஒரு மணி ஓசை, அடுத்த பாட்டு. மீன் குழம்பு செய்பவளிடம் ஒரு செதிலைக் கேட்டு வாங்கி நக்கிப் பார்த்துவிட்டு விருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதுபோல.

ஜெலிமிர் வந்தான். "வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சட்டை" என்று ஏழு விநாடிக்குள் எத்தனை தடவை முடியுமோ அத்தனை தடவை சொன்னான். கோடு ஏறியது.

பிறகு நீ. யாரோ அந்தப் பையன்களிடம் உன் பாட்டில் புகழ்பெற்ற இடம் எது என்று சொல்லியிருக்க வேண்டும். சரியாக அந்த இடத்தை வெட்டியிருந்தார்கள். "படகை நிறுத்து, படகோட்டி…" என்று பாடிவிட்டு மூச்சைப் பிடித்து நிற்பாயே, அந்த இடம். அங்கே வாத்தியங்களும் நின்றுவிடும். அந்தக் காலத்து நடன மண்டபங்களில் ஜோடிகள் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நிற்பார்கள். யார் முதலில் காலை ஊன்றுகிறார்களோ அவர்கள் தோற்றார்கள். யாராவது தடுமாறுவார்கள், சிரிப்பு எழும், அதற்குப் பிறகுதான் உன் கடைசி வரி வரும்.

இங்கே கடைசி வரி வரவில்லை. "படகை நிறுத்து, படகோட்டி." அமைதி. மணி ஓசை. அமைதியின்போது ஒருவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "மெஷின் நின்னுபோச்சா?" என்று ஒரு பெண் கேட்டாள். கோடு சரிந்து தரையைத் தொட்டது.

அப்போது யாரோ, "இன்னும் முடியல! பாட்டு இன்னும் முடியல!" என்று கத்தினார்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றிருந்தேன். சோதனை நடத்த ஸாக்ரெபிலிருந்து வந்த அம்மாள், "பெரியவரே, உக்காருங்க, சோதனை கெட்டுடும்" என்றாள். உட்கார்ந்திருக்கலாம். ஆனால் என் வாய் மேலும் பேசியது. "குப்பைன்னு எழுதினாங்களே அந்த அஞ்சு பேரு, அவங்களை நான் அம்பது வருஷமா திட்டிட்டிருக்கேன். ஆனா அவங்ககூடக் கடைசிவரைக்கும் கேட்டுட்டுத்தான் குப்பைன்னாங்க" என்றேன். ஷ்டெஃபிட்சா என் கோட்டைப் பிடித்து இழுத்து, "நல்லாத்தான் சொன்னீங்க, வாத்தியாரே. இப்ப உக்காருங்க, வேர்த்துக் கொட்டுது" என்றாள்.

நான் எழுந்ததால்தான் பாட்டு தோற்றதோ என்று மூன்று நாளாகத் தூங்கவில்லை. இன்று காலை க்ரெஷோ தொலைபேசியில் அழைத்தபோது முதலில் அதைத்தான் கேட்டேன். "இல்லைங்க ஐயா, நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே அது செத்துப்போச்சு" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான் போலும். உன் பாட்டுதான் எல்லாவற்றிலும் கடைசி. வானொலியில் போட மாட்டார்கள், கச்சேரியிலும் அதற்கு இடமில்லை. முதலிடத் தவறைத் திருத்துவது பற்றிக் கேட்டேன். மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றான். நான், "பேசிப் பார்க்காதே, திருத்து" என்றேன். திருத்துவானா என்று தெரியாது. வாரா வாரம் போய்க் கேட்கப் போகிறேன். ஷ்டெஃபிட்சா கார் ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இவ்வளவுதான் என்றால் உனக்கு எழுதவே கை வந்திருக்காது. செவ்வாய்க்கிழமை மண்டபத்திலிருந்து வெளியே வரும்போது ஒரு பெண் எங்கள் பின்னாலேயே வந்தாள். மெஷின் நின்றுபோயிற்றா என்று கேட்டவள் அவள்தான். நாற்பது வயதிருக்கும், தோளில் பெரிய பை. "ஐயா, எதுக்குப் படகை நிறுத்தச் சொல்றாங்க?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. "அந்தப் பாட்டுலதான். நிறுத்துன்னாங்க, அப்புறம் ஒண்ணும் வரல. எனக்கு அதுக்கப்புறம் போட்ட எதுவும் காதுல ஏறல" என்றாள்.

எனக்குப் பாட வராது. ஷ்டெஃபிட்சா ஓட்டல் வாசலிலேயே, வாடகைக் கார்க்காரர்கள் எல்லாம் பார்க்க, தன் கரகரத்த குரலில் ஆரம்பித்தாள். சுருதி சேரவில்லை, சொல்லும் இரண்டு இடத்தில் தப்பு. "படகை நிறுத்து, படகோட்டி" என்று பாடி, நீ நிறுத்துகிற அளவுக்கு முழுதாக நிறுத்தினாள். அந்தப் பெண் பையைப் பிடித்தபடி காத்திருந்தாள். தெருவில் ஒரு டிராம் போயிற்று. அது போன பிறகு ஷ்டெஃபிட்சா, "எனக்காக யாரோ கரையில் ஓடி வருகிறார்கள்" என்று முடித்தாள்.

அந்தப் பெண் நன்றாயிருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. "ஓ, அதுக்கா" என்றாள். பிறகு, "இதைப் பாடினவங்க இருக்காங்களா?" என்று கேட்டாள். நான், "இருக்கிறாள், என் தங்கை. ஆகஸ்டில் வருகிறாள்" என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் சொன்னது தவறுதான். நீ வரமாட்டேன் என்று எழுதிய கடிதம் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் யஸென்கா, அன்று ஐந்து பேர் ஏதோ எழுதினார்கள் என்பதற்காக அடுத்த வசந்தத்தில் நீ மால்மோவுக்கு ரயில் ஏறினாய். போகாதே என்று நான் சொல்லவில்லை. நான் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. இன்று நாற்பது பேர் குமிழைத் திருப்பினார்கள் என்பதற்காக நீ வராமல் இருந்தால், அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. கச்சேரி இல்லாவிட்டால் போகட்டும். பாடவும் வேண்டாம்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஷ்டெஃபிட்சா பக்கத்தில் நின்று மிரட்டுகிறாள். செப்டம்பரில் என் இடது கண்ணுக்கு அறுவை. வலது கண்ணைப் பற்றி அதற்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். பயப்படும்படியாக எதுவும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒருமுறை உன்னைப் பார்த்துவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

உன் முழங்காலும் நீயும் நலமாக இருக்கக் கடவுள் துணை நிற்கட்டும். வரும் தேதியை மட்டும் எழுது. பேருந்து எந்த நேரத்துக்கு வந்தாலும் நிலையத்தில் நிற்பேன். கூட்டத்தில் எனக்கு உன்னைச் சட்டென்று அடையாளம் தெரியாமல் போகலாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீயே என்னைக் கூப்பிடு.

எப்போதும் உன் நினைவாக இருக்கும்
அண்ணன்
வாத்ரோஸ்லாவ்