மூலைக்கு ஒரு இஞ்ச்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பா சுகம், அக்கா சுகம், நான் சுகம் என்று எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது, மூன்றாவது ஆளிடம் வரும்போது பேனா நின்றுவிடுகிறது. அங்கே நீயும் மருமகளும் என் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று கண் விழித்ததும் நினைத்துக்கொள்கிறேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் உன்மேல் கோபமாக இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் வந்து நீ பதறக்கூடாது. போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் நீ ஒரு சிரிப்புச் சிரித்தால் நான் உருகிவிடுவேன், அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அதனால்தான் பேனாவைப் பிடித்தேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். டாக்டர் தினம் நடக்கச் சொன்னார், இவர் வாசல்வரை போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் நடக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். லாரி ஓட்டிய மனிதர், தான் உட்கார்ந்திருக்க உலகம் நகரவேண்டும் என்பது பழகிவிட்டது. இந்த வருஷம் பள்ளிச் சீருடை மட்டும் நூற்றுப் பத்து உருப்படி வந்திருக்கிறது. கருப்புத் துணியில் கருப்பு நூலைப் பார்க்க என் கண் மறுக்கிறது, அதனால் வெட்டுவது முழுக்க அக்காதான். முன்னறையில் ஜன்னலோரம் என் மிஷின், நடுவில் அவளுடைய நீள மேசை, சுவரோரம் அப்பாவின் நாற்காலி, எதுவும் மாறவில்லை. மாறினது ஒன்றே ஒன்று, மேசைக்கு நேர் மேலே சுவரில் இப்போது உன் கட்டுரை தொங்குகிறது, கண்ணாடிச் சட்டம் போட்டு.

ஆமாம், அந்தக் கட்டுரையைப் பற்றித்தான் எழுத வந்தேன். நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் ஐம்பதாம் ஆண்டு மலர் போன வாரம் தபாலில் வந்தது. கோட்டும் டையுமாக உன் படம், கீழே பாலம் கட்டும் என்ஜினியர் என்று போட்டிருந்தார்கள். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார், முதல் தடவை எனக்கு, இரண்டாவது தடவை அயர்ன் கடைக்காரருக்கு, மூன்றாவது தடவை யாருக்கு என்று தெரியவில்லை, சும்மா சத்தமாக. முதல் இரண்டு தடவையும் மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் பாதிதான் காதில் விழுந்தது. மூன்றாவது தடவை நூல் மாற்றுவதற்காக நிறுத்தியிருந்தேன், முழுசாகக் கேட்டேன். ஏழாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையில் ஒரு கணக்கு வந்ததாம், இரண்டு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள மேசைவிரிப்பைச் சுற்றி லேஸ் வைக்க எத்தனை மீட்டர் வேண்டும் என்று. வகுப்பே ஏழு மீட்டர் என்று எழுத, நீ மட்டும் ஏழு மீட்டர் பத்து சென்டிமீட்டர் என்று எழுதினாயாம், மூலைக்கு இரண்டரை சென்டிமீட்டர் வீதம் நாலு மூலைக்குக் கூடுதல். வாத்தியார் தப்பு என்று அடித்துவிட்டாராம், ஆனால் சுற்றளவு புத்தகத்தில் இருக்கிறது, மூலை வாழ்க்கையில் இருக்கிறது என்று அன்றைக்கே உனக்குப் புரிந்துபோனதாம். இதெல்லாம் அம்மாவின் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றதாம். அந்த வரியை மட்டும் அப்பா இரண்டு தடவை வாசித்தார். எனக்கு ஊசித் துளைக்குள் நூல் போகவேயில்லை.

ஏண்டா, மூலைக்கு ஏன் இரண்டரை? இரண்டு ஏன் இல்லை, மூன்று ஏன் இல்லை? உனக்குத் தெரியுமா? தெரியாது, நான் சொல்கிறேன் கேள். நான் டேப்பில் இஞ்ச் பக்கம் பார்த்துத் தைப்பவள். லேஸ் திரும்புகிற இடத்தில் ஒரு இஞ்ச் விட்டு மடித்தால்தான் மூலை இழுத்துக்கொள்ளாமல் படுக்கும். மூலைக்கு ஒரு இஞ்ச் என்று நான் சொல்லிக்கொடுத்தது இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்கு, என் முழங்கையோரம் உட்கார்ந்து லேஸின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த உன் அக்காவுக்கு. ஒரு இஞ்ச் என்றால் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து எனக்குச் சொன்னவளும் அவள்தான். நீ மிஷின் சத்தத்தில் தலை வலிக்கிறது என்று உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தவன். பொத்தான் அறுந்தால் ஊசி எடுக்கத் தெரியாமல் சட்டையில் ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டு போன பிள்ளை நீ. அந்த வாயால் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்கிறாய், அதையும் அச்சில் போடுகிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், மறைத்த பூசணிக்காயை எடுத்து நடுக்கூடத்தில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

உன் கட்டுரையில் மிச்சக் கதை விட்டுப்போயிருக்கிறது, அதை நான் எழுதுகிறேன். மஞ்சள் காமாலையில் ஒரு வருஷம் போனதால் உன்னைவிடப் பெரியவளான அக்கா உன்னோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தாள், அவள் முன் பெஞ்சில், நீ பின் பெஞ்சில். இரண்டு தாளில் ஒரே தப்பு விடை இருந்ததால் கணக்கு வாத்தியார் உங்கள் இருவரையும் நிறுத்திவைத்து, அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். அப்பா திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், உன் பொண்ணு தம்பியப் பாத்து எழுதியிருக்கா, எல்லார் முன்னாடியும் சொன்னாங்க, எனக்கு மூஞ்சியே இல்லை என்றார். அவளைக் கேட்டேன், நான் பாத்து எழுதலைம்மா என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. உன்னைக் கேட்டேன். புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றாய், எனக்குத் தெரியாதும்மா என்றாய். முன் பெஞ்சில் இருக்கிறவள் பின் பெஞ்சைப் பார்த்து எப்படி எழுதுவாள் என்று எனக்கும் தோன்றவில்லை, உங்கள் அப்பாவுக்கும் தோன்றவில்லை. முதல் மார்க் வாங்குகிற பையன் எதற்குத் திருடப்போகிறான் என்று வாத்தியார் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். அவளுக்குக் கணக்கில் பூஜ்யம் போட்டார்கள், பிள்ளைகள் காப்பி காப்பி என்று கூப்பிட்டார்கள், நாலு நாள் போகமாட்டேன் என்று அழுதாள், படிப்பு வராத புள்ளைய எதுக்குப் பாடுபடுத்தணும், உன்கூட மிஷின்ல உக்காரட்டும் என்று அப்பா முடித்துவிட்டார். என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அப்போது வேலை தலைக்குமேல் கிடந்தது, உதவிக்கு ஒரு கை கிடைத்ததே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அதனால்தானோ என்னவோ அந்தத் தப்பு விடை என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிஷமே கண்டுபிடித்திருப்பேன்.

அன்றைக்கு அப்பா வாசித்து முடித்ததும் அக்கா எழுந்து, பால் பொங்குதும்மா என்று அடுக்களைக்குப் போனாள். அடுப்பில் பாலே இல்லை. பின்னாலேயே போய்க் கேட்டேன். விடும்மா, பழைய கதை என்றாள். விடவில்லை. அப்புறம் மெல்ல, அவன் ஸ்கேலால முதுகுல தட்டினான், நான்தான் தாளைக் கொஞ்சம் சாய்ச்சேன், அவன்மேல மட்டும் தப்பு இல்லை என்றாள். இப்போதும் உன் பக்கம்தான் பேசுகிறாள், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கமாட்டாள். வாத்தியார் கேட்டபோது நீ சொல்வாய் என்று உன்னைத் திரும்பிப் பார்த்தாளாம், நீ கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். சரி, சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொல்வான் என்று நினைத்துக்கொண்டாளாம். இருபத்தாறு வருஷம் ஆச்சும்மா, அவனுக்கு இன்னும் சாயங்காலம் ஆகலை போல என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன், அவள்தான் தண்ணீர் கொடுத்தாள்.

பதின்மூன்று வயதுப் பிள்ளை பயந்து பொய் சொன்னான் என்றால் நான் மன்னித்துவிடுவேன், எந்த வீட்டில் நடக்காதது. நீ அதோடு நிற்கவில்லையே. போன மாதம் என் பேத்தி விகிதக் கணக்கு ஒன்றைப் படம் எடுத்து அத்தைக்கு அனுப்பினாள், பழச்சாறும் தண்ணீரும் இரண்டுக்கு மூன்று கலந்தால் என்று ஏதோ. இவள் ஆசையாகக் கட்டம் கட்டமாகப் படம் போட்டு விளக்கி அனுப்பினாள். நீ என்ன சொன்னாய்? அத்தைக்குக் கணக்கு வராதும்மா, அவங்களத் தொந்தரவு பண்ணாதே என்று பிள்ளையிடம் சொன்னது போனில் எனக்கே கேட்டது, அக்காவுக்கும் கேட்டது. அன்றைக்கு அதைச் சாதாரணப் பேச்சு என்று விட்டேன், இன்றைக்கு விடமுடியவில்லை. யாருக்கு வராது என்று உனக்குத் தெரியாதா? ஐந்து சதவீதம் சுருங்குகிற துணியில், துவைத்த பிறகு நூற்றுத் தொண்ணூறு சென்டிமீட்டர் நிற்கவேண்டும் என்று ஜன்னல் திரைக்கு ஒருவர் வந்தார். நூற்றுத் தொண்ணூறோடு அதில் ஐந்து சதவீதத்தைக் கூட்டி அவரே ஓர் அளவு சொன்னார். அக்கா தலை நிமிராமல், அது பத்தாதுங்க, ரெண்டு மீட்டர் எடுங்க, சுருங்குறது எடுக்குற துணியிலதானே என்றாள். அவர் மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு இரண்டு மீட்டருக்கே சரி என்றார். அப்பா மட்டும் நாற்காலியில் இருந்தபடி, இது யாரைப் பாத்து எழுதினது என்றார். உனக்குத் தெரிந்த வேடிக்கைதான், அவள் எந்தக் கணக்குச் சொன்னாலும் அவர் அதைக் கேட்பார், வந்தவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன், நீ போனில் எத்தனை தடவை சிரித்திருக்கிறாய் என்று நினைத்துப் பார். எப்படிடா சிரிப்பு வந்தது உனக்கு? உன்னை நம்பித்தானே நான் அவளைச் சந்தேகப்பட்டேன். நீ என்னை ஏமாற்றிவிட்டாய், என்னைக் கொண்டே அவளையும் ஏமாற்றவைத்தாய்.

அப்பாவுக்கு எழுபத்தைந்து நடக்கிறது. தன் மகள் யாரையும் பார்த்து எழுதவில்லை என்று தெரிந்துகொண்டுதான் அவர் போகவேண்டும், தெரியாமல் போய்விட்டால் அப்புறம் நீ யாரிடம் சொன்னாலும் செல்லாது. அப்பாவிடம் நான் வாய் திறக்கக்கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அவர் இடிந்துபோவார் என்று பயப்படுகிறாள். அப்பாவிடம் சொல்லாதே என்றுதான் கேட்டாள், உன்னிடம் எழுதாதே என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ கூப்பிடுவாய், அவர் வழக்கம்போல் ஸ்பீக்கரில் போடுவார், அவள் மேசையில் வெட்டிக்கொண்டிருப்பாள். அப்போது சொல். சுற்றி வளைக்காதே, சின்ன வயசு, பயம், வாத்தியார் கோபக்காரர் என்றெல்லாம் ஜோடிக்காதே. அக்கா எழுதினாள், நான் பார்த்து எழுதினேன், அவ்வளவுதான், ஒரு வரி. கட்டுரை அளவுக்கு வேண்டாம். அவர் திட்டினால் வாங்கிக்கொள், அழுதால் போனை வைத்துவிடாதே.

குளிர் தொடங்கிவிட்டது என்று மருமகள் சொன்னாள், காதை மூடிக்கொண்டு போ, பேத்திக்கு மார்ச்சளி வராமல் பார்த்துக்கொள். கட்டுகிற பாலமெல்லாம் உறுதியாக நிற்கட்டும், உன் குடும்பம் தழைக்கட்டும், நீண்ட ஆயுளோடு இரு, இதெல்லாம் மனதாரத்தான் எழுதுகிறேன், பெற்ற மனசு வேறு எதை எழுதும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. நீ சொல்லாமல் விட்டாலும் நான் உன்னோடு பேசாமல் இருக்கப்போவதில்லை, எப்போதும்போல் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன். சாப்பிட்டேன் அம்மா என்று நீ சொல்வாய். அதைக்கூட நம்பமுடியாமல் போய்விடுமோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அம்மா