கோம்பைக்கு முயல் கொண்டுவந்தவருக்கு

என்னைக் கேட்காமல் முந்திக்கொண்டு போன என் மகராசனுக்கு,

அங்கே சுகமா என்று கேட்க மாட்டேன். கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் வாய்விட்டுப் பேச எனக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நாய்க்குப் பேர்போன ஊர் நம் கோம்பை. தெருவுக்கு நாலு வேட்டை நாய். இந்த ஊருக்குப் பெரியகுளத்திலிருந்து ஒரு வெள்ளை முயலைக் கொண்டுவந்தவர் நீங்கள் ஒருவர்தான். "வெள்ளக்காரன் மாதிரி இருக்கான், தொரைன்னு கூப்புடுவோம்" என்றீர்கள். வந்த நாளிலிருந்து துரை வாசலைப் பார்த்ததில்லை. வெளியே விட்டால் அடுத்த நிமிஷம் நாய் வாயில் இருப்பான்.

மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் குப்புறப் படுப்பீர்கள். காலி அட்டைப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி, ஓட்டை போட்டு, கடைசிப் பெட்டியில் ஒரு கொத்து மல்லித்தழையை ஒளித்துவைப்பீர்கள். துரை ஒவ்வொரு ஓட்டையாகப் புகுந்து அதைக் கண்டுபிடித்துவிட்டால் உங்களுக்கு அப்படி ஒரு சிரிப்பு. "வீட்ட குடோனாக்கிட்டீக" என்று நான் கத்துவேன். இப்போது அந்தப் பெட்டிகளை நான்தான் அடுக்குகிறேன். காலையில் ஒரு விதம், மத்தியானம் ஒரு விதம்.

வேறு என்ன வேலை எனக்கு? மூன்று அமாவாசை கழியும் வரை நான் படி தாண்டக் கூடாது என்று உங்கள் அம்மா சொல்லிவிட்டார்கள். நம் சொந்தத்தில் அதுதான் வழக்கமாம். தெருப்பக்கத்துச் சன்னலையும் சாத்தியாயிற்று. நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் கண்ணில் நான் பட்டுவிடக் கூடாதே! அங்கன்வாடிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். இருபது பிள்ளைகளுக்கு ஆடிப் பாடிச் சோறு ஊட்டியவள், இப்போது ஒரு முயலுக்கு முன்னால் உட்கார்ந்து யானைப் பாட்டுப் பாடுகிறேன். அவன் காதைக்கூட அசைப்பதில்லை.

அடுப்படியிலிருந்து வாசற்கதவு வரை இருபத்திரண்டு எட்டு. திரும்பி வந்தாலும் அதே இருபத்திரண்டு. மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் அத்தை ஃபேனைக் கூட்டிவைக்கிறார்கள். நான் என்னத்தைச் சொல்ல?

துரைக்கும் ஒரு புதுப் பழக்கம் வந்தது. வாசற்கதவின் கீழே முன்னங்கால் இரண்டாலும் பறபறவென்று பிராண்டுவான். "பாரேன், தவுல் வாசிக்கிறான்" என்று அத்தை சிரிப்பார்கள். நான் கைதட்டுவேன். நகம் வலிக்குமே என்று உங்கள் பழைய லுங்கியை அங்கே மடித்துப் போட்டேன். பாவம், அவனுக்கும் பொழுது போக வேண்டாமா?

போன செவ்வாய்க்கிழமை காலையில் அவன் சாப்பிடவில்லை. மல்லித்தழையை நீட்டினால் முகத்தைத் திருப்பினான். புழுக்கையும் போடவில்லை. சுவரைப் பார்த்து முதுகைக் கூனி உட்கார்ந்துவிட்டான். கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "மொயலு ஒரு நாள் சாப்பிடாம கெடந்தாலே ஆபத்தும்மா, ஒடனே தூக்கிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. உங்கள் தம்பியோ வேலையாகத் தேவாரம் ஊருக்குப் போயிருந்தார். "சாயங்காலம் வந்து நானே கொண்டுபோறேன் மதினி" என்றார்.

நான் சேலையை இழுத்துச் செருகினேன். "அத்தை, நான் போறேன்."

"ஏத்தா, இன்னும் ஒரு அமாவாசதான? ஊரு என்ன பேசும்? சின்னவன் சாயங்காலம் வந்துருவான்ல. போயும் போயும் ஒரு மொசலுக்காகவா?"

அந்தப் பேச்சு எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "அன்னைக்கு அவுக நெஞ்சப் புடிச்சுக்கிட்டு, வாயுதான், சாயங்காலம் பாத்துக்குவோம்னு சொன்னாக. நீங்க ஓமத்தண்ணி குடுத்தீக. நானும் சரின்னு உக்காந்திருந்தேன். சாயங்காலம் வந்துச்சு, அவுகதான் இல்ல. இன்னொரு சாயங்காலத்துக்கு என்னால உக்கார முடியாது அத்தை."

அத்தை துரையை எட்டிப் பார்த்தார்கள். பிறகு, "பின்வாசல் வழியா போத்தா, யாரும் பாக்க மாட்டாக" என்றார்கள்.

"பின்சந்துல நாயிக கெடக்குமே."

"ஆமால்ல" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். முன்கதவின் தாழ்ப்பாளை அவர்களே நீக்கினார்கள்.

ஆட்டோ தெருமுனையில்தான் நின்றது. அதுவரை நடந்தேன். துரை இருந்த பெட்டியைத் துண்டால் மூடியிருந்தேன், என் முகத்தை மூடவில்லை. குழாயடியில் நின்ற ஒருத்தி என்னைக் கண்டதும் வெடுக்கென்று திரும்பிக்கொண்டாள். வாசல்களில் கட்டிக்கிடந்த நாய்கள் குரைத்த குரைப்பில் அவளைப் பற்றி நினைக்க நேரமில்லை. எழுபது நாளுக்குப் பிறகு மேலில் வெயில் பட்டது. ஆட்டோவில் ஏறியதும் அழுதுவிட்டேன்.

டாக்டரம்மா ஊசி போட்டு, வயிற்றை நீவிவிட்டார். "வயிறு அசையல. ஒரே எடத்துல அடச்சு வச்சா இப்படித்தான். நெறையப் புல்லு போடுங்க, காலாற ஓட விடுங்க."

"வெளையாடத்தான் செய்றான் டாக்டர். கதவப் பிராண்டிக்கிட்டே இருப்பான்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது வெளையாட்டு இல்லம்மா. வெளிய விடச் சொல்லிக் கேக்குது."

வெட்கத்தில் எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். நான் கைதட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் துரை ஒரே ஒரு அருகம்புல்லைக் கடித்தான். "தின்னுட்டான், தின்னுட்டான்!" என்று அத்தை போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். உங்கள் தம்பி மொட்டைமாடியில் கம்பிவலை அடித்துக் கொடுத்திருக்கிறார். அங்கே ஓடுகிறான். ஓடி, குதித்து, அந்தரத்திலேயே உடம்பைத் திருப்புகிறான். நாலு வருஷமாக அவனிடம் இந்த வித்தை இருந்தது நமக்குத் தெரியாதே!

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்று நான் உங்கள் பேச்சைக் கேட்காமல் கையைப் பிடித்து இழுத்திருந்தால் வந்திருப்பீர்களா? திட்டியிருப்பீர்கள், தெரியும். திட்டிக்கொண்டே வந்திருப்பீர்கள். இன்றைக்கு வரைக்கும் திட்டிக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

அமாவாசைக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை நான் அங்கன்வாடிக்குப் போகிறேன். அத்தையிடம் சொல்லிவிட்டுப் போவேன், கேட்டுவிட்டு அல்ல. உங்கள் மேல் ஆணை, இனி யார் சொன்னாலும், நீங்களே எழுந்து வந்து சொன்னாலும், சாயங்காலம் வரை காத்திருக்க மாட்டேன்.

உங்கள் சொல்லைத் தட்டாமல் இருந்து உங்களைத் தொலைத்துவிட்ட,
உங்கள் வீட்டுக்காரி