தகரக் கொட்டாயில் கேட்ட உன் பேரு

என் வாயாடி அண்ணாவுக்கு,

நீ போனபிறகு நம் வீட்டில் பேச்சு குறைந்துவிடும் என்று ஊரில் நினைத்தார்கள். நான் இருக்கும்போது அது எப்படிக் குறையும்? மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிறதே என் செல்போன் கடை, அதற்குள் உட்கார்ந்து நான் பேசுவது இப்போது பெங்களூரு வரைக்கும் கேட்கிறது. கதை சொல்கிறேன் அண்ணா. சிரிக்காதே, நிஜமாகத்தான்.

கட்டட வேலைக்கு அங்கே போய்க் குடியேறிய நம்ம ஊர்க் குடும்பங்கள் ரீசார்ஜுக்கு என்னைத்தான் கூப்பிடும். பேச்சோடு பேச்சாக யாருக்காவது சக்கரை வந்த சேதியும் வரும். ஏதோ திருட்டுப் பொருளைப் பற்றிச் சொல்வது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். கேட்டுக் கேட்டுப் பொறுக்காமல் ஆஸ்பத்திரி சிஸ்டரிடம் போனேன். அந்தம்மா ஒரு கட்டு நோட்டீஸை எடுத்து நீட்டினார்.

"சிஸ்டர், வேல முடிஞ்சி வர்றவங்க இதப் படிப்பாங்களா? அடுப்பு பத்த வெக்கவே தெம்பு இருக்காதுங்க. காது மட்டுந்தான் அப்ப சும்மா இருக்கும்" என்றேன்.

அவர் விஷயத்தைச் சொன்னார், நான் அதைக் கதையாக்கினேன். வாரம் ஒன்று பேசிப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். 'தகரக் கொட்டாய்' என்று பேர் வைத்தேன். தகர ஷீட் கொட்டாயில் குடியிருக்கிறவர்களுக்கு வேறு என்ன பேர் வைப்பது?

கதையில் ரங்கன் என்று ஒரு மேஸ்திரி, அவன் பெண்டாட்டி காவேரி. ரங்கன் டீயில் சக்கரை கரையாமல் அடியில் தங்க வேண்டும், இல்லாவிட்டால் டீக்கடைக்காரரோடு சண்டைக்குப் போவான். மேஸ்திரி ஆனதும் அவன் செங்கல் தூக்குவது நின்றுபோனது. சோறு மட்டும் நிற்கவில்லை. ஆளை அடையாளம் தெரிகிறதா?

முதல் கதையிலேயே ஒரு கூத்து நடந்தது. ரங்கன் ஊரில் களி தின்றவரைக்கும் உடம்பு திடமாக இருந்தது என்று சொல்லிவைத்தேன். அவ்வளவுதான். ராகிக்குச் சக்கரை அண்டாது என்று கேட்டவர்கள் தாங்களாகவே முடிவு கட்டி, ஆளுக்கு ரெண்டு பெரிய உருண்டை உருளைக்கிழங்குக் குழம்போடு உள்ளே தள்ளியிருக்கிறார்கள். காலையில் வெல்லம் போட்ட ராகிக் கஞ்சி வேறு! சிஸ்டர் என்னைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார். அடுத்த வாரமே, களி தின்றுவிட்டு எழுந்திருக்க முடியாமல் உருளும் ரங்கனைப் பார்த்துக் காவேரி கேட்டாள், "களின்னா மட்டும் வயிறு கணக்குப் பாக்காதாய்யா? பாதி உருண்டைய எடுத்து வெச்சிட்டு அந்தக் கீரையத் தின்னு." அதற்கப்புறம் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார்கள். அங்கேயே வளரும் பிள்ளைகள் வாராவாரம் "கதெ ஹாக்கு", கதையைப் போடு என்று கன்னடத்தில் அம்மாக்களை அதட்டுகிறதுகளாம். ரங்கன் நடக்கப் போனால் அதுகளும் அப்பனை இழுத்துக்கொண்டு நடக்கிறதுகளாம்.

எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். நம் கோவிந்தனுக்குத்தான் சொல்ல முடியவில்லை.

உன் மகன் உன்னைப் போலவேதான் அண்ணா. பெங்களூரில் டைல்ஸ் வேலையில் கை சுத்தம், வாயில் பிடிவாதம். அப்பாவுக்கு இருந்திருக்கிறது, பையனுக்குச் சீக்கிரமே சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவன் அசையவில்லை. கம்பைநல்லூரில் பெண் பார்த்திருந்தோம். "கல்யாணம் ஆவட்டும் அத்த, அப்பறம் பாத்துக்கலாம்" என்றான். அதிலும் நீ போனது ஜுரத்தில் என்றல்லவா ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தோம். காலில் ஆணி ஏறியதுகூடத் தெரியாத அளவுக்கு உனக்குச் சக்கரை முற்றியிருந்தது என்று யாரிடம் சொன்னோம்? நீயும் சொல்லவில்லையே. புண்ணில் மஞ்சளைப் பூசிக்கொண்டு கடைசிவரை சிரித்துப் பேசினாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அண்ணி என்னை எச்சரித்தே வைத்திருந்தார். "செல்வி, நீ எந்தக் கதைய வேணா சொல்லு. அவருக்குச் சக்கர இருந்துச்சின்னு மட்டும் வாயத் தொறக்காத. எம் பையனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

அப்படிச் சொன்னவர் அடுப்படியில் போனை வைத்துக்கொண்டு ஒரு கதை விடாமல் கேட்டிருக்கிறார், எனக்கே தெரியாது. ஒரு கதையில் ரங்கனுடைய பின்கழுத்து கறுத்துப்போயிருக்கும். அழுக்கு என்று நினைத்துக் காவேரி பீர்க்கங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்ப்பாள். போகாது. அது அழுக்கு இல்லை, சக்கரை வரப்போகிறது என்று உடம்பு காட்டும் அடையாளமாக இருக்கலாம், போய்ப் பார்த்துவிடு என்று சிஸ்டர் சொல்லச் சொன்னதுதான்.

மாரியம்மன் பண்டிகைக்குக் கோவிந்தன் வந்திருந்தான். அண்ணி அவனுக்கு எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினார். கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தவரின் கை திடீரென்று நின்றுவிட்டது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கழுத்தையும் அப்படித்தானே தேய்ப்பார்? வெயிலில் நின்று கறுத்துவிட்டாய் என்று திட்டிக்கொண்டே தேய்ப்பாரே, ஞாபகம் இருக்கிறதா?

"டேய், ரத்தம் குடுத்துப் பாருடா" என்றார் அண்ணி. "கல்யாணம் ஆவட்டும்மா" என்று சொல்லிவிட்டு அவன் ஓசூர் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டான்.

மறுநாள் கடை திறந்ததும் அண்ணி வந்து நின்றார். "எதுல பேசணும்? காட்டு" என்றார். நான் போனை நீட்டினேன். அண்ணா, அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் செல்வியோட அண்ணி பேசறன். இத்தினி நாளு ரங்கன் கதன்னு நீங்க கேட்டது எங்க வூட்டுக்காரரு கத. அவரு ஜொரத்துல சாவல. சக்கரையில செத்தாரு. பையனுக்குப் பொண்ணு கெடைக்காதுன்னு நான்தான் மறச்சிட்டன். அவரு பேரு..."

அண்ணி நிறுத்தினார். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பேர் கேட்டால்கூட என் முகத்தைத்தான் பார்ப்பார், உனக்குத் தெரியும். இப்போதும் பார்ப்பார், நான் எடுத்துக்கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"மாதையன்" என்றார். "மாதையனுக்கு வந்தது எம் பையனுக்கு வேணாம். கோவிந்தா, போயிப் பாருடா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அனுப்பு" என்றார்.

அது போன் போனாகக் கைமாறிக் கம்பைநல்லூருக்கும் போயிருக்கிறது. அன்று மாலையே பெண்ணின் அம்மா கூப்பிட்டார். சம்பந்தம் போச்சு என்றுதான் நினைத்தேன். "எங்க வூட்டுலயும் அவருக்கு இருக்குதுங்க. நீங்க வேணாம்னு சொல்லிருவீங்களோன்னு நாங்களும் சொல்லாமத்தான் இருந்தோம்" என்றார். ரெண்டு வீடும் ஒரே பொய்யை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம் பார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். தேதி குறிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கோவிந்தன் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிட்டான். கொட்டாயில் எல்லாரும் சேர்ந்து ஸ்பீக்கரில் கேட்டார்களாம். கேட்டு முடித்ததும், அங்கே உன்னோடு வேலை செய்தவர்களும் ரத்தம் சோதிக்க அவனோடு கிளம்பிப் போயிருக்கிறார்கள்.

அவனுக்கு இன்னும் வரவில்லை அண்ணா. வாசல்வரைக்கும் வந்து நிற்கிறது. சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தால் வராமலே தள்ளிவைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவனும் டீக்குச் சக்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவன் கடைசியாகச் சொன்னதுதான்.

"அப்பா பேரு கேட்டாங்க அத்த, சொன்னன். அவருக்குச் சக்கர இருந்துச்சான்னு கேட்டாங்க. முன்ன மாதிரி கொரல எறக்கல. இருந்துச்சிங்கன்னு சத்தமாவே சொன்னன்."

ரங்கனை என்ன செய்யப் போகிறாய் என்று பெங்களூரிலிருந்து தினமும் கேட்கிறார்கள். சாகவிடமாட்டேன். ரங்கன் பேரன் பேத்தி எடுப்பான், கிழவனாகி என்னையே எரிச்சல்படுத்துவான். கோவிந்தனையும் அந்த வயதுவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் அண்ணா. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பேரை இனி ஒளிக்காத
தங்கச்சி செல்வி